பன்விலவிலிருந்து கண்டிக்கு: ஒரு மரியாதையான கோஷம்

பன்விலவுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, அட்டை கடிக்குமா என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அட்டை கடிக்கும். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால் நான் அங்கே போய் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். நான் போனது மலை பார்க்க. திரும்பியது ஓர் ஊர்வலத்தோடு.

டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்து ஜூன் மாதம் அது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவது என் தொழில். நாட்டுக்குள் மருந்தே வரவில்லை என்றால் தாளுக்கு என்ன வேலை? கொழும்பில் சும்மா இருந்து வியர்ப்பதற்குப் பதிலாக, தோழி யோகாவைப் பார்க்கக் கிளம்பினேன். பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவள் ஆசிரியை. வியாழக்கிழமை கண்டியிலிருந்து பஸ் கிடைத்தது. இருபத்து நான்கு கிலோமீற்றர், ஒன்றே முக்கால் மணி நேரம், ஒற்றைக் காலில். டவுனிலிருந்து தோட்டத்துக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர் ஏற்றம். வெள்ளிக்கிழமை முழுவதும் மலையைச் சுற்றினேன். மூடுபனி, மழை, மறுபடி மூடுபனி. மலை தெரிந்தது மொத்தம் பத்து நிமிடம். ஆனாலும் மனதுக்கு நிறைவாக இருந்தது.

சனிக்கிழமை மாலை 4.50க்குக் கண்டியிலிருந்து கொழும்பு ரயில். ஆசனம் பதிவு செய்திருந்தேன். காலையில் பார்த்தால் பஸ் இல்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓர் ஆட்டோ நின்றது. கண்டிக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"ஏழாயிரம், மிஸ்."

வேறு வழியில்லாமல், "ஓம், வாறன்" என்றேன். அவர் திடுக்கிட்டுவிட்டார்.

"ஐயோ மிஸ், வண்டியில ஒரு லீற்றருதான் இருக்கு. அதையும் பொஞ்சாதிக்குப் புள்ள பொறக்குற நேரத்துக்குன்னு வச்சிருக்கேன். ஏழாயிரம்னு சொன்னா நீங்களே ஓடிருவீங்கன்னு நெனச்சேன்!"

யோகா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "எங்க ஆளுங்க வத்தேகம வரைக்கும் நடந்து போய் கோச்சி ஏறப் போறாங்க. அவங்களோட சேர்ந்துக்க" என்றாள். கோச்சி என்றால் இங்கே ரயில். அவளும் வருவதாக இருந்தது.

அந்த நாட்களில் கண்டிக் குளக்கரையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்கள் கூடி, அரசாங்கம் பதவி விலக வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாரம் ஒரு தரப்பினருக்கு மைக் கொடுப்பார்கள்: ஆசிரியர்கள், விவசாயிகள், பஸ் சாரதிகள் என்று. கல் எறிவதில்லை, கடை மூட வைப்பதில்லை, நான்கு மணிக்குக் குப்பையைக் கூட்டி அள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்பது அவர்களுடைய ஒழுங்கு. அந்த வாரம் முதல் தடவையாகத் தோட்டத்து மக்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பிற்பகல் மூன்றரை மணிக்கு, மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்தைப் பேசப் போகிறவள் செல்வராணி. முப்பத்தெட்டு வயது, கொழுந்து பறிப்பவள், ஒல்லி, கோபக்காரி. இதற்காக யோகாவின் வகுப்பறையில் நான்கு நாள் பயிற்சி எடுத்திருந்தாளாம். மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு பாடா என்று நடந்தபடியே கேட்டேன்.

"எங்களுக்காகப் பேசுறதுக்கு ஊர்ப்பட்ட ஆளுங்க இருக்காங்க மிஸ். எலெக்சன் வந்தா அவங்க பேசுவாங்க, நாங்க கை தட்டணும். எங்க வாயால நாங்க பேச இதுதான் மொத தடவ. லேட்டாப் போனோம்னு வைங்க, தோட்டத்துக்காரங்களுக்கு நேரம் குடுத்தா வரமாட்டாங்கன்னு பேராயிரும். அப்புறம் யாரும் கூப்புட மாட்டாங்க."

எனக்கு 4.50 ரயில். அவளுக்கு 3.30. எது பெரிது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பெண்கள் பதினொரு பேர், யோகா, நான். மொத்தம் பதின்மூன்று கிலோமீற்றர், முக்கால்வாசி இறக்கம். இறக்கம் சுகம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை இறங்கிப் பார்க்கவும். எனக்கு முழங்கால் கெஞ்சியது. அவர்கள் ரப்பர் செருப்போடு பேசிக்கொண்டே போனார்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குத் துணி ஒன்றில் வெள்ளைப் பெயின்ற்றால் 'வீட்டுக்குப் போ' என்று எழுதிச் சுருட்டி எடுத்து வந்திருந்தார்கள். தண்டவாளத்துக்குப் போய்ச் சேரும் வரை பிரச்சினை கொடுத்தது அந்தத் துணிதான்.

காரணம், புஷ்பம். செல்வராணியின் புருஷனுடைய அக்கா. ஐம்பத்தைந்து வயது. அடுத்த மலையில் நிற்பவளைத் தேநீருக்குக் கூப்பிடும் குரல் அவருக்கு. அதனால் கோஷம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் அவருக்கு. அவரோ அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"போன்னா சொல்றது? அதுவும் வயசுல மூத்தவங்கள?"

"மதினி, அவங்க அரசாங்கம்!" என்றாள் செல்வராணி.

"அரசாங்கம்னா வயசு இல்லாமப் போயிருமா? ஒரு 'ங்க' போட்டா ஒன் வாய் வலிக்குமா?"

ஒரு கிலோமீற்றர் சண்டைக்குப் பிறகு 'வீட்டுக்குப் போங்க' என்று முடிவானது. பன்வில டவுனில் ஒரு கடையில் பால் விடாத பிளேன்டீ குடித்தோம், ஆளுக்கு நாற்பது ரூபா. கடைக்காரரிடம் பேனா வாங்கி, துணியில் 'போ'வுக்குப் பக்கத்தில் 'ங்க' சேர்த்தேன். வெள்ளை எழுத்துக்குப் பக்கத்தில் நீல எழுத்து. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்த ஊர்வலத்துக்குச் செய்த முதல் சேவை அது.

அதோடு விட்டாரா புஷ்பம்? நடக்க நடக்க அவருக்கு 'போங்க'வும் பொறுக்கவில்லை. "வாசல்ல நின்னு ஒருத்தர அனுப்புறப்ப வெறும்ன போங்கன்னு சொல்லப்படாது. போயிட்டு வாங்கன்னுதான் சொல்லணும்" என்றார்.

"போயிட்டு வரவா சொல்லுவாங்க?" என்று செல்வராணி நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அப்புறம் வந்துருவாங்களே மதினி!"

எல்லோரும் சிரித்ததில் நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். முழங்காலுக்கும் அது தேவைப்பட்டது.

பன்னிரண்டே காலுக்கு வத்தேகம ரயில் நிலையம். மாத்தளையிலிருந்து கண்டி போகும் ரயில் 1.20க்கு. மூன்றாம் வகுப்பு இருபது ரூபா. அது வந்தது இரண்டு மணி ஐந்துக்கு. அந்த முக்கால் மணி நேரம் செல்வராணி ரயில் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தண்ணீர்ப் போத்தலை மைக் போலப் பிடித்துப் பேசிப் பார்ப்பாள், இரண்டாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைக் குடிப்பாள். ரயில் வருவதற்குள் மைக் காலியாகிவிட்டது.

ரயிலுக்குள் மூச்சுவிட இடமில்லை. கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போது, என் தோளில் சாய்ந்து நின்ற புஷ்பத்திடம், அந்த ஒரு சொல்லில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"எனக்குப் பத்து வயசுல எங்க பெரியக்கா குடும்பத்த இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. இங்க பொறந்தவதான் அவ. கடுதாசியில நீ அந்த ஊர்க்காரின்னு எழுதியிருந்துச்சாம். இதே கண்டி ஸ்டேசன்ல நின்னு கோச்சியில ஏத்திவிட்டோம். எங்களத்தான் மிஸ் எல்லாரும் போ போன்னு சொன்னாங்க. நாங்க யாரையும் சொன்னதில்ல. எனக்கு அந்தச் சொல்லு வாயில வரமாட்டேங்குது."

செல்வராணி புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்டி வரை நின்றாள்.

மூன்று மணி பத்துக்குக் கண்டி. நிலையத்திலிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டிக் குளக்கரைக்குச் சாதாரணமாக இருபது நிமிட நடை. பதின்மூன்று பேரும் ஓடினோம் என்றே சொல்லலாம். மூன்று இருபதுக்குக் கூட்டத்தைப் பார்த்தோம். இருநூறு, முந்நூறு பேர் இருக்கலாம். பாயில், பத்திரிகைத் தாளில், குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இரண்டு பொலிஸ்காரர் மரநிழலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலோடு நின்ற பெண் டில்ஹானி, வேலை நாளில் ஆஸ்பத்திரித் தாதி. எங்களைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து, வரமாட்டீர்களோ என்று பயந்துவிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

செல்வராணி கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். மின்சாரம் போனது.

அந்த நாட்களின் மின்வெட்டு அட்டவணைப்படி போக வேண்டிய மின்சாரம்தான். ஒரு மணி நேரம் முந்திப் போய்விட்டது. எதிர்க்கடையிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள்; ஜெனரேற்றருக்கு டீசல் எங்கே? டில்ஹானியின் முகம் தொங்கிப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பதின்மூன்று கிலோமீற்றர்! செல்வராணி மட்டும் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லதாப் போச்சு, இந்தச் சனியன் கையில இருந்தாத்தான் எனக்கு ஒதறுது" என்று சொல்லி, யாரோ உட்காரப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஏறினாள்.

அதன் பிறகு கேட்ட குரலை நான் அதுவரை கேட்டதில்லை. குளத்தின் அந்தப் பக்கம் நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பசளை இல்லாமல் மஞ்சளாகிப்போன தேயிலையைச் சொன்னாள். வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்த வேலையைச் சொன்னாள். கோதுமை மா விலையில் பாதியாகிப்போன ரொட்டியை இரண்டு விரலால் காட்டினாள். "எங்களுக்காகப் பாவப்பட வேணாம். எங்களையும் ஒங்க கணக்குல சேருங்க. இந்த நாட்டு வரிசையில நாங்களும் நிக்கிறோம்" என்றாள். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சிங்களத்தில் சொன்னேன். எனக்குக் கத்திப் பழக்கமில்லை. நான்காவது வாக்கியத்தோடு தொண்டை கட்டிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிட்ட வந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு கோஷம். படங்குத் துணியை விரித்தார்கள். புஷ்பம் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அடுத்த மலைக்குக் கேட்கும்படி விட்டார்:

"வீட்டுக்குப் போயிட்டு வாங்க!"

கூட்டம் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பொருள் தெரியாமலே முந்நூறு பேர் கையை உயர்த்தி, சிங்கள நாக்கில் "போயித்து வாங்க! போயித்து வாங்க!" என்று குளமே அதிரும்படி முழங்கினார்கள். பதவி விலக வேண்டிய அரசாங்கத்தைக் கண்டி நகரம் விருந்துக்கு வந்தவர்களைப் போல வழியனுப்பியது. எங்கள் பத்துப் பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் தொப்பி போட்ட துணிக்கடைக்காரர் ஒருவர், "அல்லாவே, திரும்பி வரவா சொல்றீங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் சிரிக்கிறார்கள் என்று டில்ஹானி என்னைக் கேட்டார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. கட்டிய தொண்டையோடு உண்மையைச் சொன்னேன்: "கிஹின் என்ன."

சிங்களத்தில் அதுவேதான்: 'கிஹின்' என்றால் போய், 'என்ன' என்றால் வாருங்கள். அவர்களும் வாசலில் நின்று வெறுமனே 'போ' என்று சொல்லாதவர்கள். டில்ஹானி அதைக் கூட்டத்துக்குச் சொன்னதும் எழுந்த சிரிப்பில் பொலிஸ்காரர்களுக்கே தூக்கம் போய்விட்டது. யாரோ ஒரு முதியவர் எழுந்து, "என்ன எபா!" என்று கத்தினார். வர வேண்டாம் என்று அர்த்தம். கோஷம் அந்த இடத்திலேயே பிறந்துவிட்டது. புஷ்பம் தமிழில் "போங்க!" என்பார், கூட்டம் சிங்களத்தில் "என்ன எபா!" என்னும். நான்கு மணி வரை நிறுத்தவில்லை.

குப்பை பொறுக்கும்போது புஷ்பம் என்னிடம் திருப்தியாகச் சொன்னார்: "நான் மரியாதையாத்தான் சொன்னேன் மிஸ். வராதீங்கன்னு சொன்னது அவங்க."

4.50 ரயிலை 4.48க்குப் பிடித்தேன். அவர்கள் அன்று வத்தேகமவில் செல்வராணியின் தம்பி வீட்டில் தங்கி, ஞாயிறு காலை மலை ஏறினார்கள்.

இனி நீங்கள் கேட்டவை. இப்போது பஸ் ஒழுங்காக ஓடுகிறது; ஆனாலும் வத்தேகம வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள், அந்தப் பாதை அழகு. நேர அட்டவணையை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொன்ன நேரங்களையும் விலைகளையும் நம்ப வேண்டாம். நான் தங்கியது யோகா வீட்டில்; நீங்கள் பன்வில டவுனில் அறை விசாரியுங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். மலை தெரிய வேண்டுமானால் காலை எட்டுக்கு முன்பு. லயங்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடப்பதானால் பழகிய செருப்பு. புதுச் சப்பாத்து போட்டுப் போய் நான் இரண்டு நகத்தை இழந்தேன்.

அரசாங்கம் பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை யோகா அடுத்த வாரம் போன் எடுத்துச் சொன்னாள். குளக்கரையில் டில்ஹானி, அடுத்த சனிக்கிழமையும் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். "ஒவ்வொரு வாரமும் எறங்கி வர எங்களால முடியாது, நீங்க ஏறி வாங்க" என்று செல்வராணி சொல்லியிருக்கிறாள். சும்மா சொன்னதுதானாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை கண்டியிலிருந்து நாற்பது பேர் ரயிலேறி, பதின்மூன்று கிலோமீற்றர் மலை ஏறி, மழையில் ஊறி, காலெல்லாம் அட்டையோடு தோட்டத்துக்கு வந்து நின்றார்கள். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மடுவத்தின் தரையில் அவர்களை உட்கார வைத்து, யோகா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, செல்வராணி ஒரு மணி பத்து நிமிடம் பேசினாளாம். நடுவில் ஒருவர் எழுந்திருக்கிறார்.

"உக்காருங்க, இன்னும் முடியல" என்றாளாம்.

உட்கார்ந்துவிட்டாராம்.