நடைபாதையில் நான்கு மேசைகள்

கடலோர ஊரான ஆலங்குடாவில் வீதியோரத்தில் கதிரை மேசை போட்டுச் சாப்பாடு கொடுக்கும் கடைகளைப் பரிசோதிப்பது அப்போது என் வேலை. ஆள் நடக்க இடம் விட்டிருக்கிறார்களா, அடுப்பும் காஸ் சிலிண்டரும் மேசைக்குத் தள்ளி இருக்கின்றனவா, அனுமதிப்பத்திரம் சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கியதும் எல்லாக் கடையும் நடைபாதைக்கு இறங்கிவிட்டது. என்னைக் கண்டால் கதிரைகள் உள்ளே ஓடும், நான் போனதும் வெளியே வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓடி ஒளிக்காத கடை ஒன்றுதான் இருந்தது. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, இங்கே முகாமில் பிள்ளைகளை வளர்த்த ஒரு விதவையின் கடை. அக்கா என்ற அர்த்தத்தில் ராத்தா என்றுதான் எல்லோரும் அவரை அழைப்போம். இடியப்பமும் மீன் ஆணமும் விற்றார். இடிந்துபோன வீட்டைத் திரும்பக் கட்டி ஊருக்குப் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய நினைப்பு.

அவருடைய நான்கு மேசைகளும் அளவுக்குச் சரி. ஆனால் வெளியே மேசை போட அனுமதி வேண்டுமென்றால் இந்தப் பகுதி வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் அவர் பெயரை மன்னாரிலேயே வைத்திருந்தார். வடக்கிலிருந்து வந்தவர்கள் பலர் அப்படித்தான். பெயரை எடுத்தால் ஊரும் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம்.

"ராத்தா, சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம். பேரை இங்க மாத்துங்க. இல்லாட்டி மேசையை எடுக்க வேண்டி வரும்," என்றேன்.

"மாத்தினா ஊருக்குப் போறதுக்கு ஒண்டும் தடை வராதே சேர்?"

"ஒண்டும் வராது. காணி உறுதிப் பத்திரம் உங்கட கையிலதானே இருக்கு."

யாரிடமும் கேட்காமல் சொன்னேன். கையில் அலுவலகக் கோவை இருந்தால் சட்டமெல்லாம் தெரியும் என்ற திமிர் எனக்கு. அவர் என்னை நம்பி மாற்றினார். அனுமதி கிடைத்த அன்று எனக்கு வட்டிலாப்பம் தந்தார், நானும் கூச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் அவருடைய ஊரில் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் வந்தது. அங்கே வாக்காளராகப் பதிந்தவர்களுக்கு மட்டும். பக்கத்துக் காணிக்காரர் எல்லோருக்கும் வீடு கிடைத்தது. ராத்தாவுக்கு இல்லை.

அதற்குப் பிறகு பரிசோதனைக்குப் போன நாள், அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் அளவு நாடாவை எடுத்துக் குனிந்தேன். அவரோ மேசையைத் துடைத்தபடி சொன்னார்:

"வடிவா அளந்து பாருங்க சேர். இனி நாங்க இங்கதானே."