தராசில் ஏறிய தண்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் எழுதலாமா என்று தெரியவில்லை. என் தவறைத்தான் எழுதப் போகிறேன் என்பதால் துணிந்தேன்.

எண்பதுகளில் காரிமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். எனக்குப் பெண் பிறந்த அதே மாதம் என் வீட்டுக்காரரின் அண்ணிக்குப் பையன் பிறந்தான். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஊர்ப் பால்வாடியில் மாதம் ஒருமுறை எடை போடுவார்கள். உத்தரத்தில் கடிகாரம் போல ஒரு தராசு தொங்கும். கால்சட்டை போலத் தைத்த துணியில் குழந்தையை மாட்டித் தூக்குவார்கள். டீச்சர் அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு ஏறாவிட்டால் எல்லார் எதிரிலும், "என்னம்மா குடுக்கற?" என்று கேட்பார். ஏழாம் மாதம் என் மகளின் கோடு படுத்துவிட்டது. டீச்சர் கேட்டார். மகளை வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அம்மா வீட்டு வெள்ளி அரைஞாணைக் கட்டி மகளைத் தூக்கிப் போனேன். டீச்சர் கழற்றச் சொன்னார்.

"வேண்டுதலுங்க டீச்சர். மொட்டை அடிக்கிற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க."

சாமி என்றதும் அவர் விட்டுவிட்டார். அதற்கடுத்த மாதம் தண்டையும் சேர்ந்தது. அதற்கும் அடுத்த மாதம் காப்பு. கோடு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன் என்பதுதான் வேடிக்கை. மகளுக்குத் தாய்ப்பாலும், தண்ணீராகக் கரைத்த கேழ்வரகுக் கூழும்தான். கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காமல் மாந்தம் வரும் என்று பயம். தவழாமல் உட்கார்ந்தே இருப்பாள். என்னைப் போலச் சாது என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பு போட்டுப் போன அன்று, துணியில் மாட்டும்போது மகள் கையைத் தூக்கினாள். காப்பு வழுக்கி, முழங்கை தாண்டி, அக்குளில் போய் நின்றது. டீச்சர் அதைக் கீழே இழுத்து மறுபடி தள்ளிப் பார்த்தார். தடையே இல்லை. கழற்றி அக்கா பையன் கையில் மாட்டினார். முழங்கைக்கே வரவில்லை.

"ரெண்டும் ஒரே வயசு. இந்தக் கை இப்படி மெலிஞ்சிருக்கு. அட்டையில மட்டும் எப்படிம்மா ஏறுது?"

அக்கா முந்திக்கொண்டார்.

"எந்தச் சாமிக்குடி வேண்டுதலு? நம்ம சாமிக்கு நாந்தான பொங்க வெக்கறேன், எனக்குத் தெரியாமயா? ஆசாரி கடைக்குப் போக வேண்டியவ வழி தப்பி இங்க வந்துட்டா டீச்சர்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மிச்ச நகைகளையும் நானே கழற்றி அக்கா மடியில் போட்டேன். மகளை மறுபடி மாட்டித் தூக்கியதும் தராசு முள் ஏழாம் மாத எடைக்கே இறங்கி நின்றது. மூன்று மாதமாக என் மகள் எடை கூடவே இல்லை.

டீச்சர் திட்டவில்லை. "சேந்தாப்புல ரெண்டு மாசம் கோடு ஏறாத புள்ளைக்குத்தான் தெனமும் சத்துமாவு உருண்டை. நகையப் போட்டு நீயே அதத் தட்டி வுட்டுட்ட" என்றார். "தாய்ப்பால நிறுத்தாத. கூழக் கெட்டியாக் கிண்டி, பருப்பு மசிச்சுப் போட்டு, கொஞ்சம் கடலெண்ணெ வுட்டுக் குடு. கொஞ்சங் கொஞ்சமா அஞ்சு தடவ."

"மாந்தம் வந்துருமுங்களே."

"எம்பையன் அதத்தான் திங்கறான்" என்றார் அக்கா. "அவனுக்கு மாந்தம் வந்து பாத்தியா? சொவுத்துக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்த கேட்டா சொல்ல மாட்டனா?"

அதுதான் எனக்கு வராதது.

அன்று சாயந்திரம் அக்காவே கிண்ணத்தோடு வந்தார். மகள் முதல் வாயைத் துப்பினாள், இரண்டாவதை விழுங்கினாள், மூன்றாவதில் அக்கா விரலைக் கடித்தாள்.

"ரெண்டு பல்லுதான், கடியப் பாரு. இதையா சாதுன்ன?"

மறுநாள் பால்வாடியில் மகள் பாதி உருண்டை தின்றாள். மீதியை அக்கா பையன் தின்றான். நகைகளை என் வீட்டுக்காரர் பாப்பாரப்பட்டி பஸ்ஸில் கொண்டுபோய் என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.