டமாரம் திரும்பிப் பார்த்த ஆட்டம்

அவருக்கு டமாரம் என்று பெயர் வந்ததற்கு ஊரில் இரண்டு காரணம் சொல்வார்கள். கால்பந்து மைதானத்தில் பச்சைச் சட்டை ரசிகர் கூட்டத்துக்கு முன்னால் நின்று பெரிய முரசை அடிப்பவர் அவர்தான், அது ஒன்று. முரசு கையில் இல்லாத நேரத்தில் தன்னைப் பற்றித் தானே அடித்துக்கொள்வார், அது இன்னொன்று. இரண்டாவதை அவர் மறுத்ததே இல்லை. "அடிக்க விஷயம் இருக்கிறவன் அடிக்கிறான். இல்லாதவன் காதைப் பொத்திக்கட்டும்" என்பார்.

விஷயம் இருக்கத்தான் செய்தது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கார் இருக்கை தைக்கும் பட்டறையில் குப்பை கூட்ட வந்தவர். நுரைப்பஞ்சுத் துண்டுகளின் மேல் படுத்துத் தூங்கியவர். இன்று அவருக்குச் சொந்தப் பட்டறை, ஆறு தையல் மெஷின், ரெக்சின் சுருள் அடுக்கத் தனியாக ஒரு மாடி. வாசலில் எந்நேரமும் இருக்கை கழற்றிய வண்டிகள் பல்லுப் போன கிழவன் மாதிரி வாயைப் பிளந்து நிற்கும். யாருடைய சிபாரிசும் இல்லாமல், யாருடைய காலையும் பிடிக்காமல் வந்தது அத்தனையும். அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஆனால் பட்டறையைவிட அவர் பெருமையாகச் சொன்னது வேறு. பச்சைக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முரசு அடிப்பவன் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியை ஒட்டிய மேடையில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். விசில் ஊதியதிலிருந்து அடுத்த விசில் வரை திரும்பக் கூடாது. கோல் விழுந்தாலும் கூடாது. திரும்பினால் முரசு அடுத்தவன் தோளுக்குப் போய்விடும். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு பெனால்டிக்கு ஆசைப்பட்டுத் திரும்பி முரசை இழந்தவர். அதற்கு முந்தியவர் தும்மும்போது திரும்பிவிட்டதாகச் சாதித்தார். யாரும் நம்பவில்லை.

டமாரம் இருபத்திரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. ஆட்டத்தை அவர் பார்த்ததெல்லாம் மூஞ்சிகளில்தான். எதிரே நிற்பவர்களின் வாய் மெல்லத் திறந்தால் நம் ஆள் பந்தோடு போகிறான். கை தலைக்குப் போனால் பந்து வெளியே போய்விட்டது. கழுத்து நரம்பு புடைத்தால் கோல். அந்த மூஞ்சிகளுக்கு ஏற்றபடி முரசை ஏற்றி இறக்குவார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த மூஞ்சிகளை அதிகம் சிரிக்க வைத்தவன் விலாங்கு. எதிரணித் தடுப்பாளர்கள் இரண்டு பேருக்கு நடுவே கையில் அகப்படாமல் வழுக்கிக்கொண்டு போவதால் அந்தப் பெயர். கோல் போட்டதும் நேராக ஓடி வந்து வேலியில் தாவுவான். டமாரத்தின் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்து, முரசில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். டமாரம் திரும்ப மாட்டார். வேர்வை வாசனையும் அந்த இரண்டு தட்டும் போதும். "அவன் கோல் போடறது ஊருக்கு. தட்டறது எனக்கு" என்பார்.

அந்த விலாங்கைத்தான் கிளப் விற்றுவிட்டது. அதுவும் யாருக்கு? ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நீலச் சட்டைக்கு.

"விக்கிறதுக்கு அவன் என்ன ரெக்சினா?" என்று பட்டறையில் கத்தினார்.

"வித்தது நம்ம கிளப்பு முதலாளி. அவன் என்ன பண்ணுவான்?" என்றார் துணி வெட்டுபவர்.

"மாட்டேன்னு சொல்றது. நாக்கு இல்லையா?"

"போன மாசம் எதிர்க்கடையில கூப்பிட்டாங்களே, நான் போகலைன்னு சொன்னேனே, எனக்கு ஏதாவது தட்டிக் குடுத்தீங்களா?"

"நீ என்ன என் முரசுல தட்டினவனா? வெட்டற வேலையைப் பாரு!"

இத்தோடு விட்டிருந்தால் காயம் ஆறியிருக்கும். அவருடைய சகலை விடவில்லை. மனைவியின் தங்கை புருஷன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கிறவன். பிறந்ததிலிருந்து நீலம். மாப்பிள்ளை பார்க்கப் போன அன்றே இது தெரிந்திருந்தால் அந்தக் கல்யாணத்தைத் தடுத்திருப்பேன் என்று டமாரம் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. அந்தச் சகலை இரண்டாவது கடை திறந்தான். ரிப்பன் வெட்ட வந்தவன் விலாங்கு.

படம் குடும்ப வாட்ஸப்பில் வந்தது. விலாங்கு சகலையின் தோளில் கை போட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். கொழுந்தியாளின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மனைவி போனை விளக்கடியில் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவு நல்லா சிரிக்கிறான் பாருங்க. இத்தனை வருஷம் உங்க டீம்ல இருந்தானே, ஒருநாள் நம்ம வீட்டுப் படி ஏறியிருக்கானா?"

"நான் கூப்பிடலை."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பானா?"

அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது. சக்களத்தி வந்த வீட்டில் மூத்தவளுக்கு எரியும் என்பார்களே, அந்த எரிச்சல் ஓர் ஆம்பிளை வயிற்றிலும் வரும் என்று அன்று கண்டுகொண்டார். ஒன்பது வருஷம் தன் முரசைத் தட்டிய கை. அது அந்தப் பெயின்ட் கடைக்காரன் தோளில் கிடக்கிறதே!

பச்சைக்கும் நீலத்துக்கும் ஆட்டம் வந்தது. விலாங்கு நீலச் சட்டையோடு முதல்முறையாக இந்த மைதானத்துக்கு வருகிறான். முந்தின சாயங்காலம் கூட்டத்தின் பெரிய தலைகளைப் பட்டறைக்குக் கூப்பிட்டு டமாரம் தீர்ப்புச் சொன்னார்.

"ஆட்டம் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் நம்ம ஸ்டாண்டுல ஒருத்தன்கூட அவனைப் பாக்கக் கூடாது. மொத்தமா முதுகைக் காட்டறோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டறவனுக்கு நாம எதைக் காட்டறோம்னு பாத்துக்கட்டும்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். குழாய் வேலைக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். சின்ன முரசு அடிப்பவர் அவர்தான். பெரிய முரசின் மேல் அவருக்கு ஒரு கண் என்பது டமாரத்துக்குத் தெரியும்.

"அண்ணே, நாங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா நீங்க யார் மூஞ்சியைப் பாத்து அடிப்பீங்க?"

"முதுகைப் பாத்து அடிப்பேன். எனக்கு முதுகு போதும்."

"அப்போ ஆட்டம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டேய், நீ குழாயில தண்ணி எங்க போகுதுன்னு உள்ள எட்டிப் பாத்தா கண்டுபிடிக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். குழாய்க்காரரும் சிரித்தார். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி.

விசில் ஊதியது. டமாரம் முரசில் ஒரே ஓர் அடி அடித்தார். அந்த ஸ்டாண்டு முழுதும் துணியைத் திருப்பிப் போட்டாற்போல் அந்தப் பக்கம் திரும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதிப் பேரின் முதுகில் விலாங்கின் பழைய எண். பெயரை மட்டும் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கை தடுமாறியது. முதுகுக்கு வாய் கிடையாது, கழுத்து நரம்பு கிடையாது. பந்து எங்கே, யார் காலில், ஒன்றும் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. ஏற்றி அடிப்பதா இறக்கி அடிப்பதா? எதிர்ப்பக்கத்து நீலக் கூட்டம் "ஓ" என்றது. இன்னொரு முறை, இன்னும் நீளமாக "ஓ..." என்றது. அந்தச் சத்தத்துக்குள் சகலையின் தொண்டையும் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்க்கிறான். அவன் விலாங்கைப் பார்க்கிறான். வாராவாரம் பார்க்கிறான். ஒன்பது வருஷம் முதுகுப்பக்கம் வைத்திருந்த நான் ஒருநாளாவது முழுசாகப் பார்த்தேனா?

எல்லா முதுகும் அந்தப் பக்கம் இருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்?

திரும்பினார்.

விலாங்கு இடது கோட்டோரம் நின்றிருந்தான். பந்து அவன் உள்ளங்காலுக்கு அடியில். இரண்டு பச்சைச் சட்டை அவனை மறித்து நிற்கிறது. அவனோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நிற்கிறான். திடீரென்று தோளை வலப்பக்கம் சாய்த்தான். இரண்டு பேரும் அந்தத் தோளோடு போனார்கள். பந்து இடப்பக்கம் போயிற்று, பின்னாலேயே அவனும். மூஞ்சிகளில் பார்த்தபோது இது ஒரு பெரிய வாய்ப் பிளப்பு, அவ்வளவுதான். இது இப்படியா? இவ்வளவு மெதுவாகவா? கோல்காவலர் கையை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தார். விலாங்கு ஓங்கி அடிக்கவே இல்லை. காலின் உட்பக்கத்தால் பந்தைப் போக விட்டான். அது உருண்டு, கம்பத்தை உரசி, டமாரத்துக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வலைக்குள் வந்து நின்றது.

தன் அணிக்கு எதிராக விழுந்த கோல் என்பது அவருக்கு உறைக்கவில்லை. விலாங்கு நேராக வேலியை நோக்கி ஓடி வந்தான். பழக்கம் விடுமா? வருகிறானே! டமாரம் முரசை இரண்டு கையாலும் தூக்கி அவனுக்கு நேராக நீட்டினார்.

வேலியோரம் ஒரு தண்ணீர்ப் பாட்டில் கிடந்தது. விலாங்கு அதை எடுத்தான். வாய் கொப்பளித்துத் துப்பினான். மீதியைக் குடித்தான். வேலியில் ஒரு தூண் நிற்பதைப் பார்ப்பதுபோல் டமாரத்தைப் பார்த்துவிட்டு, பாட்டிலைப் போட்டுவிட்டு, நீலக் கூட்டத்தைப் பார்த்து ஓடினான். ஓடிக்கொண்டே இரண்டு கையாலும் முத்தம் பறக்கவிட்டான்.

நீட்டிய முரசு நீட்டியபடியே இருந்தது. நீலத்தின் கூச்சலைக் கேட்டு ஸ்டாண்டு முழுதும் திரும்பியிருந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள், மைதானத்தைப் பார்த்து நிற்கும் டமாரத்தை, எதிரிக்கு முரசை நீட்டி நிற்கும் டமாரத்தை.

குழாய்க்காரர் மேடை ஏறி வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணே... முரசு."

"தும்மல் வந்துச்சுடா."

"அண்ணே."

"சரி, சரி. யாரும் பிடுங்க வேண்டாம். நானே கழட்டித் தர்றேன்." தோல் பட்டையைத் தோளிலிருந்து எடுத்தார். அவர் கையால் தைத்த பட்டை. "நீ குட்டை. ரெண்டு ஓட்டை ஏத்திப் போட்டுக்க. இல்லைன்னா முழங்கால்ல இடிக்கும்."

குழாய்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தோடும் பட்டையை மாட்டிக்கொள்ள அவர் காட்டிய அவசரத்தை டமாரம் கவனிக்காமல் இல்லை.

முதல் வரிசையில் ஓர் ஓரமாகப் போய் நின்றார். யாரும் அவரோடு பேசவில்லை. பச்சையும் பிறகு ஒரு கோல் போட்டது, யார் முழங்காலிலோ பட்டு உள்ளே போன கோணல் கோல். அவரும் தொண்டை கிழியக் கத்தினார். ஆனால் கத்தி முடித்த கையோடு கண் விலாங்கைத் தேடிப் போயிற்று. புது முரசு தாளம் தப்பியதுகூடக் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. போன் அடித்தது. சகலை.

"அண்ணே, முரசு போயிடுச்சாமே? மனசுக்குக் கஷ்டமா இருக்குண்ணே."

"உன் கஷ்டத்தைப் பெயின்ட்ல கலந்து அடி. ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அவன் வாராவாரம் இப்படித்தான் ஆடறானா?"

"இன்னைக்குக் கொஞ்சம் கம்மிண்ணே. போன ஞாயித்துக்கிழமை நீங்க பாத்திருக்கணும். அடடா!"

டமாரம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார். அந்த 'அடடா' இன்னும் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

"அடுத்த ஞாயிறு வாங்கண்ணே. என் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. பச்சைச் சட்டையை மட்டும் கழட்டிட்டு வாங்க."

"இதை என் பொணத்துல இருந்துதான்டா கழட்டணும்!"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குரலை இறக்கினார்.

"சகலை... மேல ஒரு கோட்டு போட்டுக் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டா உள்ள விடுவாங்களா?"