கரடி திரும்பிய பக்கம்

எழுபதுகளில் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். கடைசி வருடம், கூண்டில் வளரும் ஒரு விலங்கின் நடத்தையைக் கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டும். அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு சர்க்கஸ் வந்திருந்தது. எனக்குக் கரடி கிடைத்தது. "ஒரே விலங்கைப் பார்க்க வேண்டும். நடுவில் விலங்கு மாறியது தெரிந்தால் எழுதியதெல்லாம் குப்பை, தேற மாட்டாய்" என்றார் பேராசிரியர்.

வீட்டில் அண்ணன் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவன். தினமும் சீண்டுவான். "கரடி நடக்கிறதப் பாத்துக்கினு வர்றதுக்கு ஒரு காலேஜா?"

கரடியும் நடக்கத்தான் செய்தது. கூண்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓயாமல் நடந்தது. எந்த முனையில் திரும்பினாலும் கோபுரம் தெரியும் பக்கமாகவே திரும்பியது. காலையில் மட்டும் போய்க்கொண்டிருந்த நான் ஒருநாள் மாலையில் போனேன். ரோட்டுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

சர்க்கஸ்காரர்களை நான் முதலிலிருந்தே நம்பவில்லை. கரடியைப் பழக்கும் மாஸ்டர், தான் பக்கத்தில் இருந்தால் மட்டுமே என்னைக் கூண்டருகே விடுவார். எதையோ மறைக்கிறார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என இரண்டு கரடிகளை வைத்துக்கொண்டு ஒரே கரடி என்று ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். கேட்டும் விட்டேன்.

"ஒரே கரடிதாம்மா. ஏன், பொண்ணு பாக்க வந்துகீறியா?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை, அண்ணனின் சிவப்புச் சாயத்தில் துணியை நனைத்துக் குச்சியில் கட்டிக்கொண்டு போனேன். கரடி கம்பியில் உரசியபோது, மாஸ்டர் பார்க்காத நேரமாக அதன் முதுகில் ஒற்றினேன். மாலையில் போய்ப் பார்த்தேன். ரோட்டுப் பக்கமாகத் திரும்பிய கரடியின் முதுகில் அதே சிவப்பு.

"யாரும்மா இதுக்குப் பொட்டு வச்சது?" என்றார் மாஸ்டர். ரோட்டுப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். காலையில் அந்தக் கட்டில் கோபுரப் பக்கம் கிடந்தது.

"கட்டில ஏன் மாத்துனீங்க?"

"நெழலு எங்கயோ அங்க கட்டிலு."

அப்போது யாரோ கூப்பிட, தலைமாட்டில் இருந்த பிரம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கரடி நின்றது. அவர் கூடாரத்துக்குள் மறைந்ததும் உட்கார்ந்துவிட்டது. அத்தனை நாளில் அது உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு முதுகைக் காட்டப் பயந்துதான் அவர் இருக்கும் பக்கமாகவே திரும்பியிருக்கிறது.

அப்படியே எழுதினேன். "கரடியைப் பற்றி மட்டும் எழுது, மாஸ்டரை எடுத்துவிடு" என்றார் பேராசிரியர். எடுத்தால் கரடி ஏன் திரும்பியது என்று எப்படிச் சொல்வது? எடுக்க மாட்டேன் என்றேன். மார்க்கைக் குறைத்தார். தேறிவிட்டேன்.

சர்க்கஸ் அடுத்த ஊருக்குப் போனபோது கூண்டு வண்டியில் போனது. மாஸ்டரும் அதே வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார்.