கோலுக்குப் பின்னால் நின்ற சன்னாசி அண்ணன்

காலை மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. சாரதி இறங்கி வந்தார். "மாஸ்டர், சன்னாசி அண்ணன் போயிட்டாருங்க. நுவரெலியா ஆசுபத்திரியில, விடியக்காலம்." நெஞ்சுச் சளி என்று போனவர். வந்து பந்து பிடிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வட்டகொடையிலும் பூண்டுலோயாவிலும் அவரோடு ஆடியவர்களே, எதிர்த்து ஆடிக் கோல் போட முடியாமல் திரும்பியவர்களே, அவர் எப்படிப்பட்ட கோல் காப்பாளர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்குவார். மாலையில் மைதானத்துக்கு வருவார். அவருக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நின்ற எனக்கு, முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் இருந்தால் போதும்.

இலங்கை அணிக்கு ஆள் தெரிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் கொழும்புக்குப் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்திய அணியோடு தகுதிகாண் போட்டி. இங்கே ஒரு ஆட்டம், அங்கே ஒரு ஆட்டம். அண்ணன் நன்றாகவே ஆடினார், கடைசிவரை வைத்திருந்தார்கள். பிறகு கடவுச்சீட்டுக்காகப் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். நம்மில் யாரிடம் அது இருந்தது? தோட்டத் தமிழர் இந்த நாட்டவர் இல்லை என்று சட்டம் போட்டு எடுத்துவிட்டார்களே. அவருக்குப் பதிலாகச் சுனில் என்ற சிங்கள இளைஞர் சேர்க்கப்பட்டார். தெரிவு நடந்த நாட்களில் இருவரும் ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

அண்ணன் திரும்பி வந்ததும் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோருக்கும் கோபம். கொழும்பு ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷனுக்கு எதிரே வேலுவின் தேநீர்க் கடையில் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. இந்தியா அடித்து நொறுக்கட்டும் என்றார்கள். மூலையில் இருந்த அண்ணன் பேச ஆரம்பித்தார்.

"அவங்க ரெண்டு ஓரத்துலயும் வேகமா வருவாங்க. தடுத்து ஆடுற நம்ம பேக்கு ரெண்டு பேரும் அவசரப்பட்டு மேல ஏறாம நின்னா, மொத பாதியத் தாங்கிறலாம். சுனில் நல்ல கை. ஆனா ஒசரப் பந்துக்கு வெளிய வரத் தயங்குவான். யாராவது பின்னால இருந்து கத்தணும்."

"அது யாருண்ணே, ‘நம்ம’?" என்றார் வேலு. "ஒங்களத் தொரத்தி விட்டாங்களே, அவங்களா?"

"தொரத்துனவன் சட்டம் போட்டவன். பந்து ஆடுறவன் இல்ல. நான் பொறந்தது பூண்டுலோயா. பூண்டுலோயா எந்த நாட்டுல இருக்குன்னு நீயே சொல்லு. அந்த நாடுதான் என் டீமு."

"தோத்துருவாங்கண்ணே."

"தோக்கட்டும். ஜெயிக்கிற பக்கம் போய் நிக்க ஆளா இல்ல?"

அவர் என்னைப் பார்த்து, "மாஸ்டர், வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆட்டம் பார்க்க இருவரும் கொழும்புக்கு ரயிலேறிப் போனோம். மைதானத்தில் நேராகச் சுனிலின் கோலுக்குப் பின்னால் போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் உயரப் பந்து வந்ததும், "வரேன், வரேன்!" என்று சிங்களத்தில் கத்தினார். வா, வெளியே வா என்று அர்த்தம். சுனில் பாய்ந்து பிடித்தார். குரலை அடையாளம் கண்டு திரும்பிப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். அதன்பின் ஆட்டம் முடியும்வரை அண்ணன் வாய் மூடவில்லை. பக்கத்தில் நின்றவர் ஒருவர் அவருடைய சிங்களத்தைக் கேட்டுவிட்டு, "நீ இந்தியாக்காரனா?" என்றார். "கோல் காக்கிறவன்" என்று சிங்களத்திலேயே பதில் சொன்னார். கண்ணைப் பந்திலிருந்து எடுக்கவே இல்லை.

தோற்றோம். ஆனால் ஊர் சொன்ன அடி விழவில்லை. நம் ஆட்கள் கோல் போட்டபோது அண்ணன் வேலியை ஆட்டிய ஆட்டத்தில் என் கை சிராய்ந்தது.

ஆட்டம் முடிந்து சுனில் வேலியருகே வந்தார். அழுதிருந்தார். தன் ஜேர்சியைக் கழற்றி, "அண்ணே, இது உங்களுடையது" என்று சிங்களத்தில் சொல்லி நீட்டினார். அண்ணன் வேலி இடுக்கில் கைவிட்டு அவர் தோளைத் தட்டினார். வாங்கவில்லை. "இது ஒனக்குக் கெடைச்சது. எனக்குச் சேர வேண்டியத, தரவேண்டியவங்ககிட்ட நானே கேட்டு வாங்கிக்கிறேன்."

கேட்கவும் செய்தார். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து நம்மைப் பங்கு பிரித்தபோது, லயத்தில் பலர் இந்தியாவுக்கு மனுப்போட்டார்கள். அண்ணனின் மனைவி பாக்கியம் அக்காவுக்கும் அந்த யோசனை இருந்தது. "அங்க போனாலும் என்னைய சிலோன்காரன்னுதான் சொல்லுவான். அதுக்கு இங்கயே சண்ட போடுறேன்" என்றார் அண்ணன். இலங்கைப் பிரஜாவுரிமைக்கே மனுக் கொடுத்தார். பதில் வராமலே போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம்தான்: தோற்கும் என்று எல்லோரும் சொல்லும் பக்கத்தில் வெட்கமில்லாமல் போய் நிற்பது, நமக்குரியதை இனாமாக வாங்காமல் உரிமையாகக் கேட்பது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் நகரத்து அணியோடு நமக்கு ஆட்டம். அவர்கள் பலசாலிகள். துக்கத்தை முன்னிட்டுத் தள்ளிப்போடலாமா என்று நல்ல மனதோடுதான் கேட்டனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கோலில் யார் என்றும் கேட்டார்கள்.

நான் நிற்கிறேன். வந்து அடித்துப் பாருங்கள்.