கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்

கைப்பேசியின் கண்ணாடியைத் துடைத்தாள், திரையில் ஒரு பொத்தானை அமுக்கினாள், மறுபடியும் துடைத்தாள். காலையிலிருந்து நாற்பது தடவையாவது இருக்கும். துடைக்கவென்றே அவள் சட்டைப்பையில் ஒரு மஞ்சள் துணி உண்டு. உட்கார்ந்து ஒரு முறை அமுக்குவாள், நின்றுகொண்டு ஒரு முறை, தோளில் கனத்த பையை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை. "பஸ்ல ஒரு கையால தொங்கிட்டு மறு கையால அமுக்குறது யாரு? நாமதானே?" என்பாள். வலைப்பக்கம் செய்துதரும் அந்த நான்கு மேசை அலுவலகத்தில் அவளுக்குக் 'கட்டைவிரல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மற்றவர்கள் கணினியில் பக்கத்தின் அகலத்தைச் சுருக்கி, மவுஸால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, "போன்லயும் இப்படித்தான் வரும்" என்று முடித்துவிடுவார்கள். அங்கேதான் அவளுக்குச் சுர்ரென்று ஏறும்.

"அகலத்தைச் சுருக்கினா மவுஸ் அம்பு வெரலாயிடுமா?"

அன்று நாலு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் முன்பதிவுப் பக்கம் ஊருக்கே திறக்க வேண்டும். நம் பெயர் உள்ள வரியின் மேல் மவுஸ் அம்பு வந்து நின்றால் போதும், 'மாற்று', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்கள் பூ விரிவதுபோல் விரியும். மேனேஜருக்கு அதில் அவ்வளவு பெருமை. வெள்ளோட்டத்துக்கு இருபது நோயாளிகளிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் அவளுடைய அண்ணன். எதிர்க் கட்டடத்தில் வெல்டர். கண் டாக்டருக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தவர், முந்தின நாள் நேரம் பார்க்கலாமென்று கைப்பேசியில் தன் பெயரை ஒரு தொடு தொட்டார். விரலுக்கு அடியிலேயே 'ரத்து' விரிந்தது, அதே தொடுகையில் அமுங்கியும் போனது.

"என் வெரலுதான் தடி. விடு, கண்ணை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம்.

அந்த 'அப்புறம்' வராது என்று அவளுக்குத் தெரியும். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மன்றாடி, அதே இடத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள்.

"எனக்கு ஒழுங்கா வருதேம்மா" என்றார் மேனேஜர், மவுஸை உருட்டியபடி. அவள் மவுஸைப் பிடுங்கித் தன் இழுப்பறையில் போட்டாள். கைப்பேசியை அவர் கையில் திணித்தாள். "உங்க பேரைத் தொடுங்க சார்."

தொட்டார். சோதனைக்காகப் போட்டிருந்த அவருடைய பதிவு போயே போய்விட்டது. "ஐயையோ!" என்று நாற்காலியோடு பின்னால் போனார். "நாலு மணிக்குள்ள முடியுமா?"

"தள்ளி உக்காருங்க சார்!"

அதன்பின் அவள் விரல்கள் தட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை ஆட்டிக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு! பிரவுசரிடம் அவள் கேட்கச் சொன்னது இரண்டே கேள்வி. பக்கத்தைத் திறப்பவர் கையில் இருப்பது தொடாமல் மேலே நிற்குமா? அதன் முனை கூரா, மொண்ணையா? நிற்கும், கூர் என்றால் அது மவுஸ், அந்தப் பூ அப்படியே விரியட்டும். "மவுஸ்காரங்களும் நம்ம ஆளுங்கதான்." இல்லையென்றால் அது விரல், பொத்தான்கள் முதலிலிருந்தே வெளியே தெரியும், கட்டைவிரல் அகலத்தில். 'ரத்து' ஒரு மூலைக்குத் தள்ளி நிற்கும், "நிஜமாகவா?" என்று ஒரு முறை கேட்கும்.

மூன்றே முக்காலுக்கு அண்ணனை வரவழைத்தாள். வேலையைப் பாதியில் விட்டு, கரியப்பிய கையோடு வந்தார்.

"போலிப் பேரு போட்டுத் தாயேன்டி. மறுபடியும் போயிடப்போகுது."

"நெஜத்துலயே தொடுண்ணா. போச்சுன்னா பக்கத்தையே தொறக்க விடமாட்டேன்."

அண்ணன் ஒரு கண்ணை இடுக்கி, கட்டைவிரலை மெல்ல இறக்கினார். நேரம் விரிந்தது: வெள்ளி, காலை பத்தரை. 'மாற்று', 'ரத்து' இரண்டும் இருந்த இடத்திலேயே சும்மா இருந்தன. 'மாற்று' பொத்தானை அமுக்கிப் பதினொன்றாக்கினார். ஆனது!

"அட, நம்ம வெரலுக்கும் கேக்குதே!"

மேனேஜர் பக்கத்தைத் திறந்துவிடும் விசையைத் தட்ட ஓடினார். அவள் அண்ணனிடமிருந்து கைப்பேசியை வாங்கி, பழக்கப்படி மஞ்சள் துணியை எடுத்தாள். கண்ணாடியில் ஒரு கருப்புக் கட்டைவிரல் ரேகை, 'மாற்று' பொத்தானின் கோட்டைத் தாண்டாமல், அதற்குள்ளேயே கச்சிதமாகப் படிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்து ஒரு முறை பார்த்தாள். துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.