பத்து நிமிடம் என்று அக்காவிடம் சொன்னேன்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எதிர்பார்ப்பீர்கள். அவர் வளர்த்த தம்பி என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றுக்கு இடம் வேண்டியிருக்கிறது.

அக்கா செம்பவாங்கில், கப்பல் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். அப்பா கப்பல்களுக்குச் சாயம் பூசியவர். அம்மா என்னைப் பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார். பிரசவத்துக்கு மருத்துவச்சி வந்து சேர நேரமாகிவிட்டதாம். பதினோரு வயது அக்கா அன்றைக்கே பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்துவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஐந்தாறு ஆண்டு கழித்து, எந்த வகுப்பில் விட்டாரோ அதே வகுப்பில் போய் உட்கார்ந்தார், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு! படித்து, பயிற்சி பெற்று, மகப்பேற்றுத் தாதியானார். அப்பா இறந்த பின் நாங்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மளிகைக் கடையின் மாடிக்குக் குடிவந்தோம். மாடிப்படியருகே அக்காவின் பெயர்ப்பலகை தொங்கியது. கடைக்காரர் பாய் தம் தொலைபேசியை எங்களுக்காகவும் திறந்து வைத்திருந்தார். பிரசவ அழைப்பெல்லாம் அதில்தான் வரும்.

அழைப்புகள் தூரத்திலிருந்தும் வந்ததால் அக்கா ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். சேலையைச் செருகிக்கொண்டு அவர் ஓட்டிப் போவதைத் தெருவே நின்று பார்க்கும். நான் அப்போது தொழிற்பள்ளி மாணவன். இன்ஜின் என்றால் உயிர். மோட்டார் சஞ்சிகை ஒன்றுகூட விடமாட்டேன். எல்லாம் தெரியும் என்றுதான் நினைப்பு.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு அக்காவின் பை, கத்திரிக்கோல், குழந்தை நிறுக்கும் தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். காருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது போதாதென்று நான் மூடியைத் திறந்தேன். இன்ஜினுக்கல்லவா பூசை! நாலு ஸ்பார்க் பிளக்குக்கும், அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்களின் தலைக்கும் குழைத்த சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் காலை வண்டி கிளம்பியது. ஆனால் குளிர் காய்ச்சல் வந்தவரைப் போல் உதறியது. நான் கடையின் பின்சந்தில் செய்தித்தாளை விரித்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றினேன்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானடா ஓடுச்சு? நடுவுல என்ன செஞ்சே?" என்றார் அக்கா.

"ஒண்ணும் செய்யலக்கா. கார்புரேட்டர்ல குப்பை. சஞ்சிகையில படத்தோட போட்டிருக்கான், பாருங்க."

"படத்துல இருக்கிறது நம்ம வண்டி இல்லையே. எங்கிட்ட வர்ற பொம்பளைங்கள நான் முதல்ல, எப்பலேருந்து வலின்னு கேட்பேன். நீ ஒண்ணும் கேட்காமலே அறுக்கிறியேடா."

பாய் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, காருக்குப் பிரசவமா? உள்ள இருந்ததெல்லாம் வெளியில வந்துடுச்சு லா!" மூவரும் சிரித்தோம்.

மதியம் பாய் கடைக்கு அழைப்பு வந்தது. செம்பவாங் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கம்பம் என்போமே, அங்கே ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து இரண்டு மணி நேரம். அக்கா பையோடு இறங்கி வந்தார்.

"வண்டி ஓடுமா, டாக்சி பிடிக்கவா?"

"பத்தே நிமிஷம்க்கா. டாக்சி தேடுற நேரத்துல மாட்டிடுவேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நின்றார். என் சொல்லை அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. வண்டி முன்னிலும் மோசமாக உதறி, மூன்று தடவை நின்றது. அக்கா டாக்சி பிடிக்கப் பெரிய சாலைக்கு ஓடினார்.

அவர் போன பிறகுதான், சோம்பலால் விட்டிருந்த சோதனையைச் செய்தேன். இன்ஜின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். இழுத்ததும் ஓட்டம் இன்னும் கெட்டால் அந்தப் பிளக் வேலை செய்கிறது என்று பொருள். எதுவும் மாறாவிட்டால் கோளாறு அங்கேதான். இரண்டாவது வயரை இழுத்தேன். எதுவும் மாறவில்லை. அதன் தலைக்குள் ஈரச் சந்தனம் வழிந்து இறங்கியிருந்தது. தீப்பொறி பிளக்குக்குள் போகாமல் ஈரத்தின் வழியே வெளியே கசிந்துகொண்டிருந்தது. துணியால் துடைத்தேன். இரண்டே நிமிடம். வண்டி சீராக ஓடியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் துள்ளிக் குதித்தேன்.

மாலையில் அக்கா பேருந்தில் வந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே ஓடிப்போய் வண்டியைக் கிளப்பி, "கேளுங்கக்கா!" என்றேன்.

அக்கா கேட்டார். "நல்லா ஓடுது தம்பி" என்றார். பிறகுதான் சொன்னார்: குழந்தை கொடி சுற்றிப் பிறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை, அவர் போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பு.

குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டே நின்றவர், திரும்பாமல் கேட்டார்: "என்னடா இருந்துச்சு வண்டியில?"

"கார்புரேட்டர்ல தூசிக்கா" என்றேன்.

எட்டாம் நாள் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அந்தக் கம்பத்துக்குப் போனார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உடனே டாக்சி பிடிச்சிருக்கணும்மா. நின்னது என் தப்புதான்" என்றார். அவள் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் வாசலில், செருப்புகளுக்கு நடுவே, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முன்பே போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று பின்னாளில் ஒரு மருத்துவரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அக்காவிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அவரோ ஒருநாளும் வேறு யாரையும் காரணம் சொல்லவில்லை. அதே பெண் மறுபடி கருவுற்றபோது, நாள் நெருங்கும் முன்பே போய் ஒரு வாரம் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். அடுத்த பிரசவத்துக்கும் அப்படியே. இரண்டு பிள்ளைகளும் நலமாக இருக்கிறார்கள்.

சிறுநீரகம் கெட்டு அக்கா மருத்துவமனையில் கிடந்த மூன்று வாரமும் நான் பக்கத்தில் இருந்தேன். பழங்கதை, பாய் கதை என்று எவ்வளவோ பேசினோம். இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது, கேட்கத்தான் அவர் இல்லை.

அக்காவை இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், கடைசி வரை கஞ்சி காய்ச்சி அனுப்பிய பாய் வீட்டாருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி. ஞாயிறு தவறாமல் செம்பவாங்கிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு பேருந்தேறி வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்ட அந்தத் தாய்க்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவருக்குப் படிக்க வராது. அச்சகத்திலிருந்து மலர் வந்ததும் முதல் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போய் நானே வாசிக்கப் போகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அவர் இந்தக் கூடத்தில் உங்களோடு உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால், ஏன் வரவில்லை என்று தயவுசெய்து யாரும் அவரைக் கேட்க வேண்டாம்.